அறுந்த தொடர்பும் மீளிணைப்பும்: கணனி வலையமைப்புக் கண்காணிப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணனி வலையமைப்புக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1969 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29 ஆந் திகதி இரவிலிருந்தே தொடங்குவர். அன்று லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த சார்ளி கிளைன் என்பவர், ஏறத்தாழ 350 மைல் தொலைவிலிருந்த ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தின் கணனியினுள் நுழைவதற்காக 'லொகின்' என்னுஞ் சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்டினார். முதலிரண்டு எழுத்துக்கள் சென்றடைந்தன. அடுத்த எழுத்தோடு மறுமுனைக் கணனி செயலிழந்தது. இக்கதை பலராலும் பன்முறை சொல்லப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் பிற்பாதியை எடுத்துரைப்போர் சிலரே. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின் அதே இணைப்பு மீள ஏற்படுத்தப்பட்டுச் சொல் முழுவதும் சென்றடைந்தது. ஆகவே அவ்வலையமைப்பின் முதலாவது தொடர்பு அறுந்த தொடர்பு. இரண்டாவது தொடர்பு மீளிணைப்பு. இன்னுமொரு செய்தியும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அவ்விரவில் இரு முனைகளிலும் இருந்தோர் ஒருவரோடொருவர் தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்தனர். எழுத்து வந்ததா, வரவில்லையா என்பதை அவர்களுக்கு அறிவித்தது வலையமைப்பன்று, தொலைபேசியே.

தொலைவில் இயங்கும் ஒரு பொறியின் அல்லது மென்பொருளின் செயலாற்றலை வேறோரிடத்திலிருந்து அளந்தறிவதற்கு ஒரு கண்காணிப்புச் சேவை நிறுவப்படுகிறது. அச்சேவைக்கும் கண்காணிக்கப்படும் பொருளுக்கும் இடையிலுள்ள தொடர்பு அறுமாயின் இரண்டு வினாக்கள் எழுகின்றன. பேசாதிருப்பது பொருளா, அன்றிப் பாதையா என்பது முதலாவது வினா. அறுந்த தொடர்பை எப்பொழுது, எவ்வாறு மீளப் பிணைப்பது என்பது இரண்டாவது வினா. முதலாவதே கடினமானதென்றும் இரண்டாவது வெறுந் தொழினுட்பச் சில்லறை என்றுங் கருதுவோர் பலர். இக்கட்டுரையாளருக்கு அக்கருத்து உடன்பாடானதன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றை நோக்கின், தொடர்பு அறுந்தமையால் விளைந்த கேடுகளினும், அறுந்ததை அவசரப்பட்டுப் பிணைக்க முயன்றமையால் விளைந்த கேடுகளே பாரியனவாய் இருந்துள்ளன. இதனைச் சில நிகழ்ச்சிகளின் வாயிலாக ஆராய்வோம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் உயர் ஆராய்ச்சித் திட்ட முகவர் நிலையம் நிறுவிய ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பில், ஒவ்வோரிடத்திலும் பெருங்கணனிக்கு முன்னால் ஒரு சிறு கணனி வைக்கப்பட்டது. 'இம்ப்' எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட இவ்விடைக்கணனிகளை மாசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரிலிருந்த போல்ற், பெரானெக், நியூமன் என்னும் நிறுவனம் அமைத்தது. அவை ஹனிவெல் நிறுவனத்தின் 516 வகைக் கணனிகள். நினைவகம் 12,000 சொற்களை அண்மியது. இடையிலோடிய கம்பிகள் செக்கனுக்கு 50,000 பிற்றுக்களைக் கடத்தும் வாடகைத் தொலைபேசிக் கம்பிகள். செய்நிரல் ஒரே சுழலிற் சிக்கி நின்றுவிட்டால் அதனை உணர்ந்து மீளத் தொடக்குவிக்கும் காவற் கடிகாரமும் அவற்றிற் பொருத்தப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், கணனியைத் தொட்டும் அறியாத அலுவலர் மத்தியில், ஆளின்றி இயங்கவேண்டியிருந்த பொறிக்கு இவையெல்லாம் இன்றியமையாதனவாய் இருந்தன.

இவ்விடைக்கணனிகள் தம் அயலிலுள்ள கணனி உயிரோடிருக்கின்றதா என்பதை அறிந்த முறை தனியே நோக்கற்பாலது. ஒவ்வொன்றும் அரைச் செக்கனுக்கு ஒருமுறை தன் ஒவ்வொரு கம்பியின் வழியாகவும் 'ஹலோ' என்னும் சிறு பொதியை அனுப்பும். மறுமுனை 'உன்னைக் கேட்டேன்' என்று விடையளிக்கும். ஏறத்தாழ 2.5 செக்கன் வரை விடை தொடர்ந்து வராதொழியின் அக்கம்பி இறந்ததாகக் கொள்ளப்படும். அதனூடு செல்லக் காத்திருந்த பொதிகள் வேறு வழிக்குத் திருப்பப்படும். இதுவரை வியப்பேதுமில்லை. ஆனால் இறந்த கம்பி மீள உயிர்பெற்றதாகக் கருதப்படுவதற்கு ஒரு விடை போதாது, இரண்டும் போதா. முப்பது ஹலோக்களுக்குத் தொடர்ச்சியாக, ஒன்றேனுந் தவறாது, விடை வந்தாக வேண்டும். இதற்குக் குறைந்தது 15 செக்கன் செல்லும்.

இறப்பதற்கு 2.5 செக்கன், பிழைப்பதற்கு 15 செக்கன். இச்சமனின்மை தற்செயலானதன்று. அரைகுறையாய் இயங்கும் கம்பி, முற்றாய் அறுந்த கம்பியிலுந் தீங்கானது. அது ஒருகணம் வாழ்ந்து மறுகணம் மாள, ஒவ்வொரு முறையும் வலையமைப்பு முழுவதும் தன் பாதைகளை மாற்றியமைக்க நேரும். ஆகவே நம்பிக்கையை இழப்பதில் விரைவும் நம்பிக்கையை மீளக் கொடுப்பதில் தயக்கமும் வேண்டுமென அப்பொறியியலாளர் கண்டனர். 1970 ஆம் ஆண்டிலேயே இதனை அவர்கள் அச்சில் வெளியிட்டுவிட்டனர் என்பதை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் வருவன பற்றித் தீர்ப்பளிக்கையில் இத்திகதி பயன்படும்.

1970 ஆம் ஆண்டு கேம்பிறிட்ஜ் நகரும் வலையமைப்பில் இணைக்கப்பட்டதன் பின், வலையமைப்புக் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்று அங்கு உருப்பெற்றது. நாடெங்கிலும் பரந்திருந்த இடைக்கணனிகள் குறித்த இடைவெளிதோறும் தத்தம் நிலைமையை அந்நிலையத்துக்கு அறிவித்தன: எந்தக் கம்பி உயிரோடுள்ளது, எது இறந்தது, எத்தனை பொதிகள் கடந்தன என்பன அவ்வறிக்கைகளில் இடம்பெற்றன. செயலாற்றற் கண்காணிப்புச் சேவை என இன்று நாம் வழங்குவதன் முன்னோடி இதுவே எனலாம். அந்நிலையத்தின் பொறுப்பை ஏற்ற அலெக்ஸ் மக்கென்சி, வலையமைப்பானது மின்சார விநியோகம் போன்று நம்பத்தக்கதாய் நடத்தப்படல் வேண்டுமென்னும் நோக்குடையவராய் இருந்தார். ஆராய்ச்சிக்கென எழுந்த ஓர் அமைப்பைப் பொதுச் சேவையாகக் கருதிய இந்நோக்கு அக்காலத்தில் யாவர்க்கும் இயல்பாய்த் தோன்றியிராது.

முதலாவது வினாவுக்கு அந்நிலையத்தார் கண்ட விடை நுட்பமானது. ஓர் இடைக்கணனியின் அறிக்கை வரவில்லையெனில், அதன் மௌனத்தை மாத்திரங் கொண்டு எதனையும் முடிவுசெய்தல் இயலாது. ஆனால் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு முனைகள் உள. மௌனமான கணனியின் அயலவர் எல்லோரும் தத்தம் கம்பி இறந்ததென அறிவிப்பின், நோய் பெரும்பாலும் அக்கணனிக்கே. ஒருவர் மாத்திரம் அவ்வாறு கூறி, ஏனையோர் கணனி நலமே என்பரேல், குறை கம்பியினது. அதற்கு மேலும், கம்பியொன்றைத் தூரத்திலிருந்தே மடக்கித் தன்னோடு தானே பேசச்செய்து, பழுது எப்பகுதியில் உள்ளதென்று தேடவும் வழியிருந்தது. பேசாதவனைப் பற்றி அயலவரைக் கேட்டறியும் இம்முறை, நமது கிராமத்து விசாரணை முறைக்குப் பெரிதும் அந்நியமானதன்று. இதன் பயனாய் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. கலிபோர்ணியாவிலோடும் ஒரு கம்பி பழுதுற்றதென, நாட்டின் மறுகரையிலுள்ள மாசாசூசெற்சிலிருந்து இவர்கள் தொலைபேசி நிறுவனத்தாருக்கு அறிவிக்க, அக்கம்பிக்கு உரியவர்கள் முதலில் நம்ப மறுத்தனர். தமது கம்பியின் நோயைத் தாம் அறியுமுன் பிறர் அறிவதென்பது அவர்கள் அனுபவத்தில் இல்லாதது.

இவ்வளவு நேர்த்தியாய் அமைந்த ஏற்பாட்டில் ஒரு குறை மறைந்திருந்தது. கண்காணிப்புச் செய்தி, தான் கண்காணிக்கும் வலையமைப்பின் வழியாகவே பயணஞ் செய்தது. 1980 ஆம் ஆண்டு ஒக்டோபர் 27 ஆந் திகதி இக்குறை வெளிப்பட்டது. இந்நிகழ்ச்சியைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியமாகின்றது. ஏனெனில் அன்று வலையமைப்பை வீழ்த்தியது ஓர் அளவீட்டுச் செய்தியே.

1979 ஆம் ஆண்டில் ஆர்ப்பாநெற் புதியதொரு வழிகாணும் முறைக்கு மாறியது. அம்முறையின்படி ஒவ்வோர் இடைக்கணனியும் தன் கம்பிகளில் ஏற்படும் தாமதத்தை அளந்து, 10 செக்கன் காலத்துச் சராசரியைக் கணித்து, குறிப்பிடத்தக்க மாற்றம் இருப்பின் உடனேயும், இல்லையேல் நிமிடத்துக்கு ஒருமுறையேனும், அவ்வளவீட்டை வலையமைப்பிலுள்ள எல்லாருக்கும் பரப்பும். இதன் அழகிய உறுப்பொன்றை ஈண்டுக் குறிப்பிடாது விடுதல் தகாது. புதிதாய் உயிர்பெற்ற கம்பி உடனடியாய்ப் பயன்பாட்டுக்கு வராது, ஒரு நிமிடம் காத்திருக்க வைக்கப்பட்டது. நிமிடத்துக்கு ஒருமுறையேனும் எல்லோரும் செய்தி பரப்புவராதலின், அந்த ஒரு நிமிடத்துக்குள், தொடர்பற்றிருந்தவன் ஊர்ச்செய்தி முழுவதையும் அறிந்துகொள்வான். பழைய செய்தியோடு புதிய கூட்டத்தினுள் நுழையமாட்டான். மீளிணைப்பு வெறும் இணைப்பன்று, அறிவை மீள ஒத்திசைத்தலுமாகும் என்பதை இவ்வமைப்பாளர் நன்குணர்ந்திருந்தனர்.

எந்தச் செய்தி புதியது, எது பழையது என்று அறிவதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடரிலக்கம் இடப்பட்டது. அவ்விலக்கம் ஆறு பிற்றுக்களாலானது. ஆகவே 0 முதல் 63 வரை சென்று மீண்டும் 0 இலிருந்து தொடங்கும். வட்டத்திற் சுழலும் இலக்கங்களில் எது முந்தியது, எது பிந்தியது? அரைவட்டத்தை மீறாத தூரத்தில் முன்னே நிற்பதே புதியது என்பது விதி. சாதாரணமாக இவ்விதியிற் பிழையில்லை. ஆனால் அன்று, 50 ஆம் இலக்க இடைக்கணனியின் செய்தியொன்று, பழுதுற்ற வன்பொருளுடைய 29 ஆம் இலக்க இடைக்கணனியைக் கடந்தபோது அதன் சில பிற்றுக்கள் உதிர்ந்தன. 44 என்னும் தொடரிலக்கம் ஒரு பிற்றை இழந்து 40 ஆயிற்று. 40 இன்னொன்றை இழந்து 8 ஆயிற்று. துவித எண்ணில் எழுதிப் பார்ப்போருக்கு இது உடனே விளங்கும்: 101100, 101000, 001000.

இப்பொழுது மூன்று செய்திகளும் ஒரே காலத்தில் வலையமைப்பில் உலவின. 8 ஐ விட 40 புதியது. 40 ஐ விட 44 புதியது. விதிப்படி 44 ஐ விட 8 புதியது. முடிவில்லாத வட்டம். ஒவ்வோர் இடைக்கணனியும் மூன்றில் ஒன்றைப் பெற்றதும், தன்னிடமுள்ளதைவிட அது புதியதெனக் கொண்டு அயலவர்க்குப் பரப்பும். அடுத்த கணம் மற்றது வர, அதனையும் பரப்பும். அளவீட்டுச் செய்திகளுக்கு ஏனைய பணிகளினும் உயர்ந்த முன்னுரிமை கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே கணனிகள் வேறெதையுஞ் செய்ய நேரமின்றித் தவித்தன. ஹலோவுக்கு விடையளிக்கவும் நேரமில்லை. நலமாயிருந்த கம்பிகள் இறந்தனவென அறிவிக்கப்பட்டன. கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சேரவேண்டிய நிலைமை அறிக்கைகளும் இப்பெருக்கில் அமிழ்ந்தன. பல மணி நேரம் வலையமைப்புப் பயன்படுத்த முடியாததாய்க் கிடந்தது.

மீட்கும் முயற்சியில்தான் இதன் உட்பொருள் புலப்படுகின்றது. நோயுற்ற ஒரு கணனியை நிறுத்தி மீளத் தொடக்கினால் அது தூய்மையாய் எழும். ஆனால் இணைந்த மறுகணமே அயலவர் அம்மூன்று செய்திகளையும் அதற்கு ஊட்டிவிடுவர். ஒவ்வொன்றாய்க் குணப்படுத்தல் பயனற்றது. மீளிணைப்பே நோயைப் பரப்பும் வாயிலாயிற்று. இறுதியில் 50 ஆம் இலக்கக் கணனியிலிருந்து தோன்றிய செய்திகளைப் புறக்கணிக்குமாறு கட்டளையிடும் சிறு திருத்தமொன்று எழுதப்பட்டு, கணனிகளில் ஏற்றப்பட்ட பின்னரே வலையமைப்புத் தெளிந்தது. இவற்றையெல்லாம் எரிக் ரோசன் 1981 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையில் விரித்துரைத்தார். தன் நிறுவனத்தின் பிழையை மறைக்காது, படிப்படியாய், சினமுஞ் சாட்டுமின்றி எழுதப்பட்ட அவ்வறிக்கை, பொறியியல் மாணவர் மாத்திரமன்றி வரலாற்று மாணவரும் கற்கவேண்டியதென்பது எமது எண்ணம்.

பொதிகளுக்குச் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை இருக்கவில்லையா என்று ஒருவர் வினவலாம். இருந்தது. ஆனால் அது கம்பியிற் செல்லும்போது செய்தியைக் காத்ததேயன்றி, கணனியின் நினைவகத்துள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்தப்படுகையிற் காக்கவில்லை. 1973 ஆம் ஆண்டளவிலேயே இத்தகைய நினைவகப் பழுதொன்றின் காரணமாக ஹாவார்ட் பல்கலைக்கழகத்து இடைக்கணனி, எல்லாவிடங்களுக்குந் தானே பூச்சிய தூரத்தில் இருப்பதாக அறிவித்து, வலையமைப்பின் போக்குவரத்தைத் தன்பால் ஈர்த்து விழுங்கியது. எச்சரிக்கை கிடைத்து ஏழாண்டுகள் சென்றிருந்தன.

இனி இரண்டாவது வினாவின் மற்றொரு கிளையை நோக்குவோம். ஒருவன் ஒரு முறை முயன்று தோற்றால், மறுமுறை எப்பொழுது முயலல் வேண்டும்? 1971 ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்பிரகாம்சனும் அவர்தம் குழுவினரும் தீவுகளுக்கிடையே வானொலி அலை வழியாகக் கணனித் தொடர்பை நிறுவினர். அலோகாநெற் எனப் பெயர்பெற்ற இவ்வமைப்பில் எல்லோரும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினர்; இருவர் ஒருங்கே பேசினால் இருவர் செய்தியும் சிதையும். சிதைந்த செய்தியை உடனே திருப்பி அனுப்பினால் அவ்விருவரும் மீண்டும் மோதுவர். ஆகவே ஒவ்வொருவரும் எழுமாற்றாய்த் தெரிந்த காலம் காத்திருந்து பின் முயலுமாறு விதிக்கப்பட்டது. எளிய விதி, ஆனால் மோதல் பெருகும்போது போதாத விதி. இதனை ஆராய்ந்த றொபேட் மெற்காஃப், டேவிட் பொக்சுடன் சேர்ந்து 1976 ஆம் ஆண்டு வெளியிட்ட ஈதர்நெற் பற்றிய கட்டுரையில் ஒரு திருத்தத்தைச் சேர்த்தார்: ஒவ்வொரு மோதலின் பின்னும் காத்திருக்கக்கூடிய கால எல்லையை இரட்டித்தல் வேண்டும். தோல்வி மிகமிகப் பொறுமையும் மிகுதல் வேண்டுமென்னும் இம்முறை அடுக்குக்குறிப் பின்வாங்கல் என வழங்குகின்றது. இம்முறையில் இரண்டு கூறுகள் உள்ளன என்பதைப் பிரித்துணர்தல் தகும். காலம் இரட்டிப்பது ஒன்று. அக்காலத்துள் எழுமாற்றாய் ஒரு கணத்தைத் தெரிவது மற்றொன்று. எல்லோரும் ஒருங்கே இரட்டிக்கும் கூட்டம், ஒருங்கே திரும்பிவந்து மோதும். பின்வந்தோர் பலர் முதலாவதை எடுத்து இரண்டாவதைக் கைவிட்டனர்.

இது ஈதர்நெற்றினுள்ளே அறியப்பட்டிருக்க, பெரும் வலையமைப்புக்களில் அறியப்படாதிருந்தது. 1984 ஆம் ஆண்டு யோன் நேகிள், நெரிசல் மிகும்போது கணனிகள் தம் பொதிகளைத் திரும்பத் திரும்ப அனுப்ப, வலையமைப்பு முழுவதும் பயனற்ற மீளனுப்பல்களால் நிறைந்து நிலையாய் வீழ்ந்து கிடக்கக்கூடும் என எழுதி எச்சரித்தார். 1986 ஆம் ஆண்டு ஒக்டோபரில் அது நேர்ந்தது. லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடைத்தூரம் 400 யார். அவற்றிடையே செக்கனுக்கு 32,000 பிற்றாய் இருந்த கடத்தல் 40 பிற்றாய் வீழ்ந்தது. அத்தூரத்தைக் கடிதத்தோடு நடந்து சென்றவன் கணனியை வென்றிருப்பான். வான் ஜேக்கப்சன் மேற்கொண்டு 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இணைய நெறிமுறைக்குப் பொறுமையைக் கற்பித்தது எனலாம்: மெல்லத் தொடங்குதல், இழப்பைக் கண்டவுடன் அளவைக் குறைத்தல், மீளனுப்பும் காலத்தை அடுக்குக்குறியாய் நீட்டுதல்.

அதே 1988 ஆம் ஆண்டில் எளிய வலையமைப்பு முகாமை நெறிமுறை வெளியாயிற்று. இதனை ஆக்கியோர் தொடர்ச்சியான இணைப்பை விரும்பாது, ஒவ்வொரு வினாவையும் தனித்தனிப் பொதியாய் அனுப்பும் முறையைத் தெரிந்தனர். வலையமைப்பு நோயுற்றிருக்கும் வேளையிலேயே கண்காணிப்பு மிகவுந் தேவைப்படும். அவ்வேளையில் நிலையான இணைப்பைப் பேணுதலும் மீளப் பிணைத்தலும் கடினம். ஒரு பொதியேனும் தப்பிச் சென்றால் அது ஒரு செய்தி. அறுவதற்கென இணைப்பே இல்லாதபோது அறுந்ததை மீட்கும் பிரச்சினையும் இல்லை. இத்தீர்வில் ஒருவகைத் துறவு மனப்பான்மை காணப்படுகிறதென்று கூறினும் பொருந்தும். மறுவருடம், இணையக் கணனிகளுக்கான விதித்தொகுப்பு, பேசாதிருக்கும் இணைப்பு உயிரோடுள்ளதா எனத் தட்டிப்பார்க்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு தீர்ப்பளித்தது. அவ்வழக்கம் தானாகச் செயற்படலாகாது. செயற்படினும் இயல்பான இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையலாகாது. சிறுபொழுது கம்பி அறுந்திருந்த வேளையிற் தட்டிப்பார்த்தவன், நல்ல இணைப்பையும் இறந்ததெனக் கருதி முறித்துவிடுவான் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. ஆர்ப்பாநெற்றின் 2.5 செக்கனோடு இந்த இரண்டு மணி நேரத்தை ஒப்பிடுக. இவ்விரண்டில் ஒன்று சரி, மற்றது பிழை என்பதற்கில்லை. முன்னது கம்பிக்குரியது, பின்னது கம்பிகள் பலவற்றின் மேலமைந்த உரையாடலுக்குரியது. ஆனால் பிற்கால மென்பொருள் எழுதியோர் பலர் இவ்வேறுபாட்டைக் கவனியாது, எங்கிருந்தோ கண்ட இலக்கத்தைத் தம் செய்நிரலிற் பெயர்த்தெழுதினர்.

இருபத்தோராம் நூற்றாண்டில் கண்காணிப்பு, கம்பிகளை விட்டு மென்பொருளினுள்ளே புகுந்தது. ஒவ்வொரு செய்நிரலோடும் ஒரு சிறு முகவர் வைக்கப்படுகின்றது. அது வினாவுக்கு விடையளிக்கச் சென்ற நேரம், பயன்பட்ட நினைவகம், நேர்ந்த வழுக்கள் முதலியவற்றை அளந்து ஒரு மத்திய சேவைக்கு அனுப்புகிறது. தொடர்பறுந்தால் முகவர் என் செய்வது? அளவீடுகளைச் சேமித்து வைக்கலாம். ஆனால் சேமிப்பு நிறைந்து, தான் கண்காணிக்கவேண்டிய செய்நிரலின் நினைவகத்தையே விழுங்கிவிடக்கூடும். ஆகவே எல்லையொன்று வகுத்துப் பழையதைக் கைவிடல் வேண்டும். தொடர்பு மீண்டபின், சேமித்தவற்றை ஒருங்கே கொட்டுவதும் தீது. அப்பொழுதுதான் எழுந்த சேவையை அது மறுபடியும் வீழ்த்தும். நோயாளியைப் பார்க்க வந்தோர் நோயாளிக்கே சுமையாகாதிருத்தல் வேண்டுமன்றோ.

இத்துறையில் இரு மரபுகள் எதிரெதிராய் நிற்கின்றன. முகவர் தானே அனுப்புதல் ஒன்று. மத்திய சேவை குறித்த நேரந்தோறும் சென்று கேட்டு வாங்குதல் மற்றொன்று. 2012 ஆம் ஆண்டு சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட புரொமீதியஸ் இரண்டாவது மரபினது. கேட்டபோது விடை கிடைக்காவிடின், அக்கிடையாமையையே பூச்சியம் என்னும் ஓர் அளவீடாக அது பதிவுசெய்கின்றது. மௌனம் இவ்வாறு தரவாக மாறுகின்றது. அன்றியும் மீள முயலும் பொறுப்பு ஆயிரம் முகவரிடமிருந்து நீங்கி ஒரு சேவையிடம் வருவதால், திரண்டெழும் கூட்டத்தின் அபாயம் பெரிதும் குறைகின்றது. எமக்கு இம்மரபே விருப்பமானது. எனினும் பூச்சியம் என்பது பொருளின் இறப்பா, பாதையின் அறுதலா என்பதை இதுவும் சொல்லாது. அயலவரைக் கேட்கும் பழைய நுட்பம் இதில் இல்லை.

2015 ஆம் ஆண்டு அமேசன் நிறுவனத்தின் பொறியியலாளர் மார்க் புரூக்கர், அடுக்குக்குறிப் பின்வாங்கலோடு எழுமாற்று இடைவெளியையுஞ் சேர்க்காவிடின் மோதல்கள் கொத்துக் கொத்தாய்த் திரும்பிவருவதை மாதிரிக் கணிப்புக்களால் விளக்கி எழுதினார். ஹவாயில் 1971 இல் தோன்றிய கருத்து, கைவிடப்பட்டு, மீளக் கண்டெடுக்கப்பட்டமை இதுவாகும். அந்நிறுவனத்தின் அமைப்புக்களிலேயே, 2021 ஆம் ஆண்டு டிசெம்பர் 7 ஆந் திகதி நேர்ந்ததைக் கூறி இவ்வாய்வை நிறுத்துவோம்.

அன்று பசுபிக் நேரம் காலை 7.30 மணிக்கு, அந்நிறுவனத்தின் வேர்ஜினியா வலயத்தில், சேவையொன்றின் கொள்ளளவைத் தானாகக் கூட்டும் நடவடிக்கை நிகழ்ந்தது. அது உள்வலையமைப்பிலிருந்த பெருந்தொகையான பயனிகளை எதிர்பாராவிதமாய்த் தூண்ட, இணைப்புக் கோரிக்கைகள் வெள்ளமெனப் பெருகி, உள்வலையமைப்பையும் முதன்மை வலையமைப்பையும் பிணைத்த சாதனங்களை மூழ்கடித்தன. தாமதம் மிகுந்தது; தோல்விகள் மிகுந்தன; தோற்றவை மீள முயன்றன; மீள முயற்சி நெரிசலை நிலைநிறுத்தியது. பயனிகளிடம் நன்கு சோதிக்கப்பட்ட பின்வாங்கும் முறை இருந்தது என்று நிறுவனத்தின் அறிக்கை கூறுகிறது. ஆனால் நெடுநாள் மறைந்திருந்த ஒரு வழு, அன்று அவற்றைப் போதியளவு பின்வாங்கவிடாது தடுத்தது. கண்காணிப்புத் தரவும் அதே உள்வலையமைப்பின் வழியே வந்ததாகையால், பொறியியலாளர் நோயின் மூலத்தை நேரடியாய்க் காண இயலாதவராயினர். இயங்குநிலைத் தரவு இன்றி, பதிவேடுகளைப் புரட்டியே அவர்கள் காரணத்தைத் தேடவேண்டியிருந்தது. நெரிசல் முற்றாய் நீங்கியபோது பிற்பகல் 2.22 மணி.

பாதிப்புற்ற வாடிக்கையாளர் உதவிகோரி முறைப்பாடு செய்வதற்கு ஒரு தொடர்பு நிலையமும் இருந்தது. அதுவும் அதே உள்வலையமைப்பிலேயே தங்கியிருந்தது. காலை 7.33 மணியிலிருந்து பிற்பகல் 2.25 மணிவரை அதன் வழியாக முறைப்பாடு செய்வதும் தடைப்பட்டிருந்தது.